சிறிய நாய்களோடு மலை நடை: கேள்வி-பதில்

கே: பொமரேனியனை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறோம். கழுத்துப் பட்டை போதுமா, ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் வார்) வேண்டுமா?

ப: ஹார்னஸ். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் பலவீனம். கழுத்தில் இழுபட்டால் இருமல் வந்துவிடும். பட்டை, உங்கள் போன் எண்ணைத் தொங்கவிட மட்டும்.

கே: முதுமலைக்குள் நாயோடு நடக்கலாமா?

ப: கூடாது. அது புலிகள் காப்பகம்.

கே: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். எங்கள் டாக்ஷண்ட் கூப்பிட்டால் உடனே வந்துவிடும். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காலையும் மாலையும் அவிழ்த்துவிட்டுத்தான் நடக்கிறோம். தப்பா?

ப: தப்புதான். ஊர்ப் பெயர் மட்டும் மாறி இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. 'கூப்பிட்டால் வரும்' என்பதை எங்கே பார்த்தீர்கள்? வீட்டு வாசலில். காலடியிலிருந்து காட்டுக்கோழி படபடவென்று எழும்போது கூப்பிட்டுப் பார்த்ததுண்டா? வளைக்குள் புகுந்து வேட்டையாடவே உருவாக்கிய இனம் டாக்ஷண்ட். முள்ளம்பன்றி வளை கண்ணில் பட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

நீலகிரியில் சிறுத்தை வீட்டுத் திண்ணையிலிருந்தே நாயைத் தூக்கிப் போகிறது. 8 கிலோ நாய் அதற்குச் சிரமமே இல்லாத இரை. நீங்கள் நடக்கும் விடியலும் அந்தியும்தான் அதற்கும் நடமாடும் நேரம். அப்புறம் காட்டெருமை. கன்றோடு நிற்கும் பசுவைப் பார்த்து நாய் குரைக்கும். அது முட்ட வந்தால் நாய் ஓடி வந்து ஒளிவது உங்கள் கால்களுக்குப் பின்னால். கரடியிடமும் இதே கதைதான். அடிபடப் போவது நீங்கள்.

காட்டுக்கும் நம்மால் கெடுதல் உண்டு. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் ரேபிஸும் செந்நாய்களுக்குத் தொற்றும். தடுப்பூசி போடாத நாயைப் பாதைக்கே கொண்டுவராதீர்கள்.

காலை 9 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள் நடங்கள். தோட்டத்துப் பாதையில் 2 மீட்டர் கயிறு. சுற்றிலும் பார்வை எட்டும் புல்வெளி என்றால் 10 மீட்டர் பயிற்சிக் கயிறு. அவிழ்த்துவிட ஆசையா, வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

கே: கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு எங்கள் பக் நாய் இறங்கி ஏறுமா?

ப: ஏற்றாதீர்கள். படிகள் ஆயிரம் இருக்கும். நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. தட்டை மூக்குக்கு அது போதாது. சமதளத்தில் கூட்டிப்போனாலும், மூச்சு கரகரத்து ஈறு ரத்தச் சிவப்பானால் உடனே நிழல், உடம்பெங்கும் தண்ணீர், விசிறல், பிறகு டாக்டர். பக்கையும் கயிற்றில்தான் கூட்டிப்போக வேண்டும்.

கே: நடந்துவிட்டு வந்தால் நாய் நொண்டுகிறது. நாங்கள் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி தரலாமா?

ப: இனம் இல்லை, வயது இல்லை, எடை இல்லை, எந்தக் கால் என்றுகூட எழுதவில்லை. இப்படி எழுதினால் நான் என்ன சொல்வது? மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் சிறிய நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். பாதத்தில் முள் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கே: மழைக்குப் பின் உண்ணி அதிகமாகிவிட்டது. என்ன செய்வது?

ப: கிளம்பும் முன்பே மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும். திரும்பியதும் காதுக்குள், விரலிடுக்கில், ஹார்னஸ் பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.