பின்டர் படிக்கும் மகளும் சம்பளக் கவலையும்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். எந்நேரமும் இங்கிலாந்தின் பின்டர், அயர்லாந்தின் பிரியல் என்று நாடகாசிரியர்களாகவே படிக்கிறாள், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்ப வருடங்களில் போடாது. அவளுக்குப் பிடித்தவர்களுக்கே போடவில்லை.

ஹரால்ட் பின்டர் 1950களில் டேவிட் பேரன் என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் நடித்துச் சம்பாதித்தவர். அப்படிப் போன இடத்தில், ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில், அழுக்குப் பிடித்த ஒரு வாடகை அறையில் தங்கினார். 'தி பர்த்டே பார்ட்டி' நாடகத்துக்கு விதை அந்த அறைதான். 1958இல் லண்டனில் அது 8 தடவை மேடையேறியதோடு படுத்துவிட்டது. விமர்சகர் ஹரால்ட் ஹாப்சன் சண்டே டைம்ஸ் பத்திரிகையில் புகழ்ந்து எழுதியது அச்சாகி வந்தபோது நாடகத்தைத் தூக்கியாகிவிட்டது! வீட்டில் கைக்குழந்தை வேறு. 2005இல் நோபல் வந்ததெல்லாம் சரி, அந்த நாட்களில் அடுப்பெரிய உதவியது நடிப்புச் சம்பளம்தான்.

பிரையன் பிரியல் பத்து வருடம் கணக்கு வாத்தியார். 1960இல்தான் வேலையை விட்டார். அமெரிக்க நாடகாசிரியர் லின் நாட்டேஜ், மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் இருந்தவர்; பிறகு நாடகத்துக்கான புலிட்சர் விருது இரண்டு முறை, 2009லும் 2017லும்.

அதனால் நாடகமா வேலையா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். சாயங்காலத்தை விழுங்காத வேலையாகப் பாருங்கள். பி.எட். முடித்து ஆசிரியர் வேலை, சப்டைட்டில் எழுதுவது, விளம்பர வாசகம் எழுதுவது, எதுவும் சரி. நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம். ஒத்திகைகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் நடக்கும்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். நாடகப் படிப்புக்கான நேர்முகத்தில் பிடித்த நாடகங்களை வரிசையாக ஒப்பித்தால் எடுபடாது. ஒரே ஒரு காட்சியை எடுத்து, அது மேடையில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும். பிரியலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' (1980) நாடகத்தில் ஐரிஷ் மட்டும் தெரிந்த பெண்ணும் ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் காதலிப்பார்கள். மேடையில் இருவர் பேசுவதும் ஆங்கிலம்தான். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்; ஒரே விஷயத்தைத்தான் இருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். இதை ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசினாலே தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்குப் பட்டத்தோடு மேடை அனுபவமும் கேட்பார்கள். ஆகவே கல்லூரி முடிவதற்குள் சின்ன நாடகம் ஒன்றாவது அவள் மேடையேற்றட்டும். அப்புறம், லண்டன் முதுகலைக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் யோசனை எழுதியிருந்தீர்களே, அதை இப்போதைக்குப் பீரோவிலேயே பூட்டி வையுங்கள். நாலு நாடகம் மேடையேறிய பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம்.