மேடையில் ஓவியம்: கேள்வி பதில்

கலை, வடிவமைப்பு, பண்பாட்டு வரலாறு பற்றிப் பொதுமேடையில் பேச நினைப்பவர்கள் கேட்டவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு மணி நேரப் பேச்சுக்கு எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?

பதில்: முப்பதைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் அளவைப் போடுங்கள். திரை எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடும். வெர்மீரின் ‘சரிகை பின்னும் பெண்’ வெறும் 24 × 21 செ.மீ. வெரோனேசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். இரண்டும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. திரையில் மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. படங்களை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: ஆங்கில ஓவியர் டர்னர் சமாளித்தார். 1811இல் லண்டன் ராயல் அகாடமியில் பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தையும் ஆழத்தையும் தட்டைப் பரப்பில் காட்டும் முறை) பற்றி விரிவுரை தொடங்கினார். முணுமுணுப்பார், பாதி புரியாது. ஆனால் தன் கையாலேயே வரைந்த பெரிய பெரிய விளக்கப்படங்களைக் கொண்டுவருவார். அகாடமியின் நூலகர் ஸ்டாதர்டுக்குக் காது கேட்காது. பார்க்கவே இவ்வளவு இருக்கிறதே என்று வந்து உட்காருவாராம். நீங்கள் டர்னர் அளவுக்கு வரைவீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் பேசிப் பழகுங்கள்.

கேள்வி: நாற்காலி வடிவமைப்பு பற்றிப் பேசப் போகிறேன். போட்டோக்கள் போதுமா?

பதில்: போதாது. நாற்காலியையே தூக்கிவாருங்கள். 1859இல் வந்த தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். மேடையில் ஒன்றைக் கழற்றிக் காட்டினால் வளைத்த மரமும் தொழிற்சாலை உற்பத்தியும் ஏற்றுமதியும் ஒன்றாகப் புரிந்துவிடும். போட்டோவில் அது இன்னொரு நாற்காலி.

கேள்வி: 45 நிமிடப் பேச்சுக்கு எத்தனை ஸ்லைடு?

பதில்: முதல் பதிலை வகுத்துக்கொள்ளுங்கள். அளவு போட மறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிடுவது நல்ல முறையா?

பதில்: கலை வரலாற்று வகுப்பின் முதுகெலும்பே அதுதான். கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் வோல்ஃப்லின் இரண்டு புரொஜெக்டர்களை வைத்துப் பேசிய காலத்திலிருந்து வருகிறது. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையையும் பெர்னீனியின் தாவீது சிலையையும் சேர்த்துப் போடுங்கள். முதலாமவன் கோலியாத்தின் மேல் கல்லெறியும் முன் நிற்கிறான். இன்னொருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்கி எறியப் போகிறான். மறுமலர்ச்சிக் கலைக்கும் அதன் பின் வந்த பரோக் பாணிக்கும் உள்ள தூரம் ஒரே நிமிடத்தில் புரியும்.

கேள்வி: இதை நான் ஏற்க மாட்டேன். இது பட்டிமன்றம். பெர்னீனி பக்கத்தில் இருந்தால் மைக்கேலாஞ்சலோ சும்மா நிற்பதாகத்தானே தெரியும்?

பதில்: நியாயமான அடி. வித்தியாசம் மட்டுமே கண்ணில் படும், மற்றது மறைந்துபோகும். மைக்கேலாஞ்சலோவின் தாவீதின் வலது கையைத் தனியாகப் பாருங்கள்: உடம்புக்கு மீறிய பெரிய கை, புடைத்த நரம்புகள். ‘சும்மா நிற்கும்’ ஆளின் கையா அது? பெர்னீனியை அருகில் வைத்த உடனே அந்தக் கையை யாரும் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு முன்னது 5 மீட்டருக்கு மேல், பின்னது ஆள் உயரம். திரையில் சம உயரம். ஆனாலும் ஒப்பீட்டை விட மாட்டேன். முதலில் ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டி, அப்புறம் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: நான் இடையில் புகுகிறேன். ஒப்பீடே வேண்டாம், ஒரே படத்தை வைத்து முழுநேரமும் பேசலாமே?

பதில்: பேசலாம், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின் மாதிரி ஆள் என்றால். ஆக்ஸ்ஃபோர்டு விரிவுரை ஒன்றில் டர்னரின் நீர்வண்ண ஓவியத்தின் மேல் கண்ணாடியை வைத்து, அதன்மேல் தூரிகையால் இரும்புப் பாலத்தையும் ஆலைப் புகையையும் கூட்டத்தின் கண்ணெதிரே தீட்டினார். தொழிற்சாலைகள் நிலத்தை என்ன செய்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்தீர்களா, அதுவும் ஒப்பீடுதான்! முன்பும் பின்பும்.

கேள்வி: அப்படியானால் ஒப்பீட்டுக்கு எத்தனை ஸ்லைடு ஒதுக்கலாம்?

பதில்: ஸ்லைடு எண்ணிக்கை பற்றி இனி பதில் கிடையாது.

கேள்வி: வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய கூரைக்கு இணையத்தில் இரண்டு விதமான வண்ணங்கள் கிடைக்கின்றன. எது சரி?

பதில்: இருண்டு பழுப்பாக இருப்பது பெரும்பாலும் 1980களில் சுத்தம் செய்வதற்கு முன் எடுத்தது. படம் எடுத்த ஆண்டைப் பார்க்காமல் வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

கேள்வி: படங்களுக்கு அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் விதியைப் பாருங்கள். நியூயார்க்கின் மெட் (மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம்), காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் இலவசமாகத் தருகிறது. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய ஃபிலிம் ஸ்லைடுகள் ஒரு பெட்டி கிடைத்திருக்கின்றன. மேடையில் ஓட்டலாமா?

பதில்: ஸ்கேன் செய்து ஓட்டுங்கள். விளக்கின் ஒளியிலும் சூட்டிலும் ஒரே ஸ்லைடை நெடுநேரம் நிறுத்தினால் வண்ணம் வெளுக்கும். கோடாக் 2004இலேயே ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழுதானால் பழைய புரொஜெக்டரிலிருந்துதான் பாகம் கழற்ற வேண்டும். ஸ்லைடு சட்டத்தில் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். அளவு அதில்தான் இருக்கும்.