ரத்தப் பட்டியல், ரவுட்டர், பழைய நூல்கள்: வாசகர் கேள்வி-பதில்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ரத்தக் கொடையாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆள் நிறைய; ஆனால் அவசரம் என்றால் பதில் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் "போன மாதம்தான் கொடுத்தேன்" என்கிறார்கள். எப்போதோ முடிந்துபோன வேண்டுகோள்கள் வேறு திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?
- தனியார் நிறுவன ஊழியர், திண்டுக்கல்

குழு என்பது சத்தம் போட்டுக் கூப்பிடுகிற இடம். யார் எப்போது கொடுத்தார் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. அதற்குத் தனியாக ஒரு பட்டியல் வேண்டும். கூகுள் ஷீட் போதும். இதற்கென்று செயலி வாங்க வேண்டாம்.

பெயர், கைபேசி எண், ரத்தப் பிரிவு, பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, வசிக்கும் பகுதி, கடைசியாகக் கொடுத்த தேதி, அடுத்துக் கொடுக்கக்கூடிய தேதி என எட்டுப் பத்திகள் போடுங்கள். எட்டாவதை யாரும் கையால் நிரப்பக் கூடாது. இந்திய விதிப்படி முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாளும், பெண் 120 நாளும் ஆக வேண்டும். எனவே ஏழாவது பத்தியின் தேதியோடு 90 அல்லது 120-ஐக் கூட்டும் சூத்திரத்தைப் போட்டு, கடைசி வரிசை வரை இழுத்துவிடுங்கள். அந்தத் தேதி இன்றைக்கோ அதற்கு முன்போ இருந்தால் கட்டம் பச்சையாக மாறும்படி நிபந்தனை வடிவமைப்பு (Conditional formatting) கொடுத்துவிட்டால், பட்டியலைத் திறந்ததும் யாரைக் கூப்பிடலாம் என்பது கண்ணில் படும்.

பெரும்பாலானோர் இடறுவது தேதியில்தான். ஷீட்டின் வட்டார அமைப்பு (Locale) அமெரிக்காவாக இருந்தால், 05/03 என்று அடித்த மார்ச் 5-ஐ அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 25/03 என்று அடித்தால் 25-வது மாதம் என ஒன்று இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சூத்திரம் பிழை காட்டும். இரண்டாவதாவது உடனே தெரிந்துவிடும். முதலாவது சத்தமில்லாமல் இரண்டு மாதத்தைத் தின்றுவிடும். அதனால் முதல் பெயரை ஏற்றுவதற்கு முன்பே கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றுங்கள். கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நின்றால் அது தேதி, இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து.

பட்டியலில் ஏற்றும்போதே தகுதியையும் கேட்டுவிடுங்கள். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம். 350 மி.லி. எடுக்க 45 கிலோ போதும், 450 மி.லி. எடுப்பதென்றால் 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவரைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், கூப்பிடாதீர்கள்.

டெங்கு சமயத்தில் வருகிற வேண்டுகோள் பெரும்பாலும் தட்டணுக்களுக்கானது (பிளேட்லெட்). அதை இயந்திரம் மூலம் பிரித்து எடுக்கும்போது கொடையாளர் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அவசரத்தில் அலுவலகத்திலிருந்து அரை மணி அனுமதி வாங்கி வந்தவர் பாதியில் எழுந்துபோவதற்கு, இதை யாரும் முன்னாலேயே சொல்லாததுதான் காரணம். தட்டணு கொடுப்பதற்கு இடைவெளி விதியும் வேறு. 90 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. "தட்டணு கொடுக்கத் தயார்" என்று ஒன்பதாவது பத்தி சேர்த்துக்கொள்ளலாம்.

வேண்டுகோளின் முதல் வரியிலேயே நாள், நேரம், "எதுவரை தேவை" என்பது இருக்க வேண்டும். ஒருவர் அதை இன்னொரு குழுவுக்கு முன்னனுப்பும்போது, அங்கே தெரிவது முன்னனுப்பிய நேரமே தவிர, முதலில் எழுதிய நேரமல்ல. இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தியும் இன்று காலை வந்தது போலத் தெரிவது இதனால்தான். மருத்துவமனை, பிரிவு, முழு ரத்தமா தட்டணுவா, எத்தனை யூனிட், உடனிருப்பவரின் எண் ஆகியவை அடுத்த வரிகளில் வரட்டும். தேவை தீர்ந்ததும் குழு நிர்வாகி அந்தச் செய்தியை அனைவருக்கும் நீக்கிவிடலாம். ஆனால் வெளியே போன நகல்களை யாராலும் திரும்ப இழுக்க முடியாது. நாள் போட்ட முதல் வரிதான் அங்கே வேலை செய்யும். கொடையாளர்களைக் கூப்பிடத் தொடங்கும் முன், அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் இருப்பைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு போன் போட்டு உறுதி செய்வது நல்லது.

பட்டியலின் இணைப்பைக் குழுவில் போடவே போடாதீர்கள். இரண்டு மூன்று பேருக்கு மட்டும், அவரவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அனுமதி தாருங்கள். கொடையாளரின் எண்ணை நோயாளி வீட்டாருக்குக் கொடுப்பதைவிட, ஒருங்கிணைப்பாளர் கொடையாளரைக் கேட்டுவிட்டு அவரையே அழைக்கச் சொல்வது முறை. பெண்கள் பெயர் கொடுக்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் எண் கை மாறுவதுதான்.

இன்னொன்று: தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் நூறு பேரைப் படுக்க வைக்கும் முகாமை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. சிவப்பணுக்கள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். நூறு பேரும் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் உங்கள் பட்டியலில் பச்சைக் கட்டமே இருக்காது.


வீட்டிலிருந்தே வேலை. கரண்ட் போனால் லேப்டாப் ஓடுகிறது, ரவுட்டர் அணைந்துவிடுகிறது. சின்ன யூபிஎஸ் வாங்கலாமா, பவர்பேங்க் போதுமா?
- கணக்காளர், மேட்டுப்பாளையம்

ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் என்று இருக்கும். சில பழைய பெட்டிகள் 9 வோல்ட். அவற்றில் 12-ஐச் செருகினால் பெட்டி போய்விடும். பின்னின் வெளி விட்டம் 5.5 மி.மீ.தான் என்றாலும் உள் விட்டம் 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. 2.1-க்கான ரவுட்டரில் 2.5 பின்னைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் தொளதொளவென்று நிற்கும். கை பட்டதும் ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும். நீங்கள் இணைய நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

யூபிஎஸ், பவர்பேங்க் அட்டைப்பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 12 வோல்ட்டுக்கு அல்ல. பத்தாயிரத்தை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் 8 வாட் இழுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்; நேரம் பாதியாகும். ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டு ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு "வைஃபை இருக்கு, நெட் இல்லை" என்பவர்கள் அதிகம்.

பவர்பேங்க்கில் 5 வோல்ட்டை 12 ஆக ஏற்றும் கேபிள் போட்டு ஓட்டலாம்தான். ஆனால் பல பவர்பேங்க்குகள் மின்சாரம் வந்து சார்ஜ் ஏறத் தொடங்கும் நொடியிலும், போகும் நொடியிலும் வெளியீட்டை ஒரு கணம் நிறுத்தும். ரவுட்டருக்கு அந்த ஒரு கணம் போதும், இரண்டு நிமிடம் மறுபடி எழுந்துவர. கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவர் யூபிஎஸ்தான் வாங்க வேண்டும்.

எல்லாம் ஓடியும் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் பழுது வெளியே. வீடு வரை ஃபைபரே வருகிறது என்றால் தெருவில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. கேபிள்காரர் தெருமுனையில் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுத்திருந்தால், தெருவுக்கே கரண்ட் போகும்போது அதுவும் செத்துவிடும்; உங்கள் யூபிஎஸ் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. வாங்கும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.


இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். பண உதவி செய்யும் நிலையில் இல்லை. கணினி வைத்துக்கொண்டு தமிழுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வழி உண்டா?
- மென்பொருள் பணியாளர், ஓசூர்

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பாருங்கள். உரிமை தீர்ந்த நூல்களும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் அங்கே பக்கம் பக்கமாகப் படமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. எழுத்துணரி மென்பொருள் படித்த உரை ஒரு பக்கம், அச்சுப் பக்கத்தின் படம் மறுபக்கம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை.

கணக்கு தொடங்கி ஒரு நூலின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தால் பக்க எண்கள் வண்ணத்தில் தெரியும். சிவப்பு என்றால் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள், ஒருவர் பார்த்தது. பச்சை, இரண்டாமவரும் பார்த்தது. நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. அந்த ஏற்பாடு வேண்டுமென்றே வைத்தது. புதியவர்கள் மஞ்சளைப் பச்சையாக்கும் வேலையில் தொடங்கினால், முன்னவர் எப்படித் திருத்தியிருக்கிறார் என்று பார்த்தே பழகிவிடலாம்.

எழுத்துணரி எங்கே தவறும் என்று தெரிந்தால் கண் தானாக அங்கே போகும். துணைக்காலையும் ரகரத்தையும் அது மாற்றிப் போடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குக் கொம்பு மேலே வளைந்திருக்கும். ணா, றா, னா சுழிந்திருக்கும். அங்கெல்லாம் கண்டபடி படித்து வைக்கும். பழைய நூல்களின் பக்க எண், பாட்டு எண் தமிழ் எண்களாக இருந்தால் ௧-ஐ க என்றும், ௨-ஐ உ என்றும், ௭-ஐ எ என்றும், ௮-ஐ அ என்றும் எழுதியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது.

அதேபோல் இன்னொன்று: 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறி ஒரே எழுத்து. அதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக 'கெளரவம்' என்று அடித்தாலும் திரையில் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். 'ஔவை'யும் 'ஒளவை'யும் இப்படித்தான். சந்தேகம் வந்தால் அந்த எழுத்தின் பின்னால் நின்று ஒருமுறை அழித்துப் பாருங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரி, 'கெ' மிஞ்சினால் தவறு.

வரி முடிவில் இரண்டாக உடைந்த சொல்லைச் சேர்த்துவிடுங்கள். பக்கத்தின் தலையில் வரும் நூற்பெயரும் எண்ணும் மேலடிக் கட்டத்துக்குள் போக வேண்டும். உரைக்குள் விட்டால் நூலை ஒன்றாகத் தொகுக்கும்போது வாக்கியத்தின் நடுவே 'பக்கம் 43' என்று வந்து நிற்கும். நூலாசிரியரின் நடையையும் பழைய எழுத்துமுறையையும் திருத்தாதீர்கள். நன்றாகத் தமிழ் தெரிந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம்; சந்தி போட்டே தீருவேன் என்று கை பரபரக்கும்.

புதிய நூலை ஏற்ற நினைத்தால் உரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் பொதுவானது. ஆனால் அந்த நூலுக்குப் பின்னாளில் வேறொருவர் எழுதிய முன்னுரையும் உரையும் அவருடைய கணக்கில் வரும். பழைய பதிப்பாகத் தேடுங்கள்.


மெய்ப்புப் பார்க்க, சங்கத்துக்குக் கடிதம் எழுத வேகமாகத் தமிழ் அடிக்க வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையா, தமிழ்99-ஆ?
- நூலகர், மன்னார்குடி

எப்போதாவது நான்கு வரி என்றால், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பே போதும். தினமும் ஒரு பக்கம் என்றால் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான விசைப்பலகை இது; உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. வந்தான் என்பதை ஒலிபெயர்ப்பில் எட்டு விசைகளில் (vanthaan) அடிக்க வேண்டும், இதில் ஆறு போதும்: வ, ந, த, ஆ, ன, புள்ளி. ந-வை அடுத்துத் த வந்தால் நடுவில் புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தாலும் அப்படியே. 'மமதை' போன்ற சொல்லில் அந்தப் புள்ளி வேண்டாமென்றால் முதல் ம-வுக்குப் பின் அ விசையைத் தட்டிவிட்டு அடுத்த ம-வை அடியுங்கள். இந்தத் தானியங்கிப் புள்ளி எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. நிறுவியதும் 'அம்மா' நான்கு விசையில் வருகிறதா என்று பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். விசைகளின் மேல் எழுத்து ஒட்டிகளை ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே இருக்கும்.


எங்கள் ஊர்க் கோயில், குளம், பழைய சத்திரம் இவற்றின் படங்களை, விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற ஆசை. சட்டச் சிக்கல் வருமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

நீங்களே எடுத்த படம் என்றால், பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுத்து வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இப்போதைய ஓவியரின் சுவரோவியம், பதாகை, விளம்பரத் தட்டி ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை படத்தின் நடுவில் இல்லாதபடி எடுங்கள். கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே கோபுரம், மதில், குளம், தேர்முட்டி என்று வெளியே இருப்பவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த படம் வேண்டாம். அதன் அளவு சுருங்கியிருக்கும், எடுத்த தேதியும் இடமும் அழிந்திருக்கும், யார் எடுத்தது என்பதும் தெரியாது. கோப்புக்குக் கேமரா வைத்த எண்ணை அப்படியே விடாமல் ஊர், கோயில், எந்தத் திசையிலிருந்து எடுத்தது, ஆண்டு என்று பெயரிடுங்கள். கோயில் படத்தில் இடக்குறிப்பு இருப்பது உதவி. வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்ததென்றால் ஏற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.