"வீட்டில வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள்: எப்படிப் பார்ப்பது?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது, இன்னும் கதைக்கிறார். மார்பகப் புற்றுநோய் முள்ளந்தண்டுக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது. போன கிளினிக்கில், "இனிக் கீமோ குடுத்துப் பிரயோசனம் இல்ல, வீட்டில வச்சுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கட்டாரில் இருக்கும் அண்ணன், காணியை வித்தாவது இந்தியாவுக்குக் கொண்டு போகச் சொல்கிறார். சின்னம்மா ஒருவர் 'ஹொஸ்பிஸ்' என்று ஒன்று இருக்கிறதாம் என்கிறார். "அது என்ன இடம் டொக்டர்? அங்கே சேர்த்தால் அம்மாவைக் கைவிட்ட மாதிரி ஆகாதா? மோர்பின் என்ற நோவு மருந்தைக் குடுத்தால் சீக்கிரம் முடிஞ்சிரும் என்கிறார்களே, உண்மையா? அம்மாவிடம் என்ன சொல்வது?"

தங்கச்சி, உங்களுக்குச் சொன்னது சரியான ஆலோசனைதான், ஆனால் பாதி ஆலோசனை. பாருங்க என்றார்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. அந்த 'எப்படி' என்பதற்குத்தான் ஹொஸ்பிஸ் என்று பெயர்.

1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் டொக்டர் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹொஸ்பிஸைத் தொடங்கினார். அவர் முதலில் தாதியாகவும், பிறகு சமூகசேவையாளராகவும் இருந்து, அதற்குப் பிறகுதான் மருத்துவம் படித்தவர். உடம்பின் நோவு மட்டும் நோவல்ல, பயமும் கடனும் பிள்ளைகளைப் பற்றிய யோசனையும் சாமியோடு உள்ள கோபமும் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு நோவு என்று சொன்னவர். இரண்டே வருடத்தில், 1969இல், அவருடைய ஆட்கள் கட்டடத்தை விட்டு வெளியே வந்து நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே ஹொஸ்பிஸ் என்றால் கட்டில் போட்ட ஒரு இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நோயை மாற்றும் முயற்சியை விட்டு, மனிசரின் நோவையும் மூச்சுத் திணறலையும் பயத்தையும் அடக்குவதை முழு வேலையாக எடுக்கிற பராமரிப்பு அது. எங்கேயும் செய்யலாம்.

கூகிளில் தேடினால் 'ஆறு மாதம்' என்று ஒரு கணக்கு வரும். பயப்பட வேண்டாம். அது அமெரிக்காவின் மெடிக்கெயார் காப்புறுதிக் கணக்கு. நோய் வழக்கம்போல் போனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று டொக்டர்மார் எழுதிக் கொடுத்தால் அங்கே காசு கிடைக்கும். நமக்கு அந்தக் கணக்கு கிடையாது. நோவைத் தணிக்கும் வைத்தியத்தை நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே, கீமோ நடக்கும்போதே கேட்கலாம். சொல்லப்போனால் உங்கள் அம்மாவுக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது.

சரி, நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? மகரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் பல காலமாக இயங்குகிறது. ஆனால் திருக்கோவிலில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். முள்ளந்தண்டில் நோவு உள்ள ஒருவரை வான் வண்டியில் ஏற்றி அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு, உங்கள் ஊரிலேயே ஒன்று உண்டு. ஆகவே உங்களுக்கான ஹொஸ்பிஸ் பெரும்பாலும் உங்கள் வீடுதான். மட்டக்களப்புப் பிரிவு மருந்துத் திட்டத்தை எழுதித் தரட்டும், பக்கத்து ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் கைகொடுக்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அம்மாவின் நிலையைச் சொல்லி, பொதுச் சுகாதாரத் தாதி வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். புண்ணுக்கு மருந்து கட்டவும் குழாய் மாற்றவும் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அண்ணனின் இந்தியப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை, தூரத்தில் இருப்பவருக்குக் காசு அனுப்புவது மட்டும்தான் கைக்கு எட்டிய வேலை. இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் அம்மாவைக் கொண்டு போக வேண்டாம், ஸ்கான் அறிக்கைகளையும் ஆஸ்பத்திரி எழுதித் தந்த நோய் விபர அட்டையான டயக்னோசிஸ் கார்ட்டையும் கொண்டு போங்கள். கடதாசிக்கு முதுகு நோகாது. காணி விற்கும் கதை அதற்குப் பிறகு.

இனி மோர்பின். நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

அளவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கிற மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசி நாட்களில்தான் அதைத் தொடங்குவது நம்மிடம் பழக்கம், அதனால் மோர்பின் வந்தது, ஆள் போனது என்று சனம் முடிச்சுப் போட்டுவிட்டது. நோவுக்காகக் குடிப்பவர் அதற்கு அடிமையாவதும் மிக அரிது. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் நோவுக்கு மூன்று படி முறையைச் சொன்னது: பரசிட்டமோல் வகை, அதற்கு மேல் கோடீன் வகை, அதற்கு மேல் மோர்பின். கூடியவரை வாயால், மணிக்கூட்டைப் பார்த்து. இந்த 'மணிக்கூட்டைப் பார்த்து' என்பதில்தான் நம் வீடுகள் பிழை விடுகின்றன. நோவு வந்தபிறகு கொடுப்போம், முடிந்தவரை பொறுக்கட்டும் என்று நினைக்கிறோம். மோர்பின் சிரப்போ சாதாரணக் குளிசையோ நாலு மணித்தியாலம்தான் பிடிக்கும். அது இறங்குமுன் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். மெதுவாகக் கரையும் குளிசை என்றால் 12 மணித்தியாலத்துக்கு ஒன்று, அதை உடைத்தோ அரைத்தோ கொடுக்கவே கூடாது.

இரண்டு வேளைக்கு நடுவில் நோவு உடைத்துக்கொண்டு வந்தால் கொடுக்க ஒரு மேலதிக அளவு உண்டு. வழக்கமாக ஒரு நாளைய மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. அம்மாவுக்கு அது எத்தனை மில்லிலீற்றர் என்று டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் கணக்குப் போடக் கூடாது.

எத்தனை தடவை மேலதிகமாகக் கொடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். படுவான்கரையில் ஒரு வயற்காரரைப் பார்க்கப் போவேன். மனைவிக்கு எழுதத் தெரியாது. பேரனின் பென்சிலால் கலண்டரில் கோடு போடுவார். மணிக்குக் கொடுத்ததற்கு நேர்கோடு, நடுவில் கொடுத்ததற்குச் சாய்ந்த கோடு. ஒரு புதன்கிழமைக் கட்டத்துக்குள் ஐந்து சாய்ந்த கோடு. நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அந்தக் கலண்டரைப் பார்த்தே அளவைக் கூட்டினேன். படித்த பிள்ளைகள் உள்ள எத்தனையோ வீடுகளில் எனக்கு அவ்வளவு சுத்தமான கணக்குக் கிடைத்ததில்லை.

பக்க விளைவுகளில் மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், தானாக மாறாது. ஆகவே மோர்பினோடு மலமிளக்கியும் அதே மருந்துத் துண்டில் எழுதப்பட வேண்டும். எழுதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் கொஞ்சம் ஓங்காளமும் இருக்கும், பிறகு குறையும். பல நாள் நோவில் தூங்காதவர் முதல்தடவை நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து, மயக்கம் என்று ஓடி வருபவர்களும் உண்டு. தட்டி எழுப்பினால் எழும்புகிறாரா என்று பாருங்கள். எழும்பாமல் மூச்சும் மிக மெதுவாகப் போனால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அப்புறம், திடீரென்று நிறுத்தாதீர்கள், சிறுவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், மிஞ்சினால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள்.

எலும்பு நோவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோவு குறைகிறது, சில கிழமைகள் எடுக்கும். "கீமோ இல்லை என்றீர்கள், முதுகு நோவுக்குக் கரண்ட் பிடிக்கலாமா?" என்று புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள். நோவு வைத்தியம் என்றால் மற்ற எல்லா வைத்தியத்தையும் நிறுத்துவது என்று அர்த்தம் இல்லை.

அம்மாவுக்கு முள்ளந்தண்டில் நோய் இருப்பதால் இதை மட்டும் குசினிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கால் திடீரென்று சோர்ந்தால், விறைத்தால், சலம் போக முடியாமல் போனால், அது முதுகு நரம்பு நசிபடுவதாக இருக்கலாம். காலை வரை பொறுக்காமல் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு போன் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அன்றைக்கே பார்த்தால் நடை மிஞ்சலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் பக்கத்தில், மட்டக்களப்புப் பக்கத்தைப் போலவே, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, தாயும் மகளோடுதான் இருக்கிறார். ஆகவே பார்க்கிற வேலையும் மகளுக்கு, பேச்சு வாங்குவதும் மகளுக்கு. நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தங்கள் எல்லாம், "என்ன புள்ள, ஒரு சேலைனாவது ஏத்தக் கூடாதா, பட்டினி போட்டா வச்சிருக்கிறாய்?" என்று கேட்பார்கள். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு வார்டில் மகன்மாரின் நெருக்குதலுக்குப் பயந்து, சாகும் தறுவாயில் இருந்த ஒரு பெரியவருக்குச் சேலைன் மேல் சேலைன் ஏற்றினேன். அந்த உடம்புக்குத் தண்ணீரை வெளியேற்ற வலு இல்லை. கால் வீங்கியது, நெஞ்சுக்குள் நீர் கரகரத்தது, இரவு முழுக்க அவர் மூச்சுக்குப் போராடினார். அது என்னுடைய பிழை, வேறு யாருடையதும் அல்ல.

உடம்பு மூடத் தொடங்கும்போது பசி தானாகப் போகிறது. சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு வருவதால்தான் சாப்பாடு நிற்கிறது. கேட்டால் இரண்டு கரண்டி கஞ்சி, ஒரு மிடறு இளநீர் போதும். விழுங்க முடியாமல் போனால் சுத்தமான துணியை நனைத்து வாயைத் துடைத்து, உதட்டுக்கு வஸலின் பூசுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், படுக்கைப் புண் வந்தபிறகு ஆற்றுவது மிகக் கஷ்டம். காற்று மெத்தைக்கு அண்ணன் காசு அனுப்பட்டும். இந்தியச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? முதலில் கேளுங்கள்: "அம்மா, டொக்டர் என்ன சொன்னதா நீங்க நினைக்கிறீங்க?" பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது, பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள்தான் மறைக்கிறார்கள். தம்பிலுவில் பக்கத்தில் ஒரு அம்மா மகள்மார் வெளியே போனதும் என் கையைப் பிடித்து, "வைகாசிக் குளிர்த்தி வரைக்கும் இருப்பேனா ஐயா?" என்று கேட்டார். குளிர்த்தி என்பது அங்கே அம்மன் கோயிலில் வைகாசியில் நடக்கும் சடங்கு. அப்போது பங்குனி. "தெரியாது அம்மா, ஆனா அம்மன் கோயிலுக்கு இந்தக் கிழமையே ஒருக்காப் போய்ட்டு வாங்க" என்றேன். இரண்டு நாளில் பேரன்மார் கதிரையோடு தூக்கிப் போனார்கள். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் அது நடந்தது. எத்தனை நாள் என்று அவராகக் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டாம். பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசி நேரத்தை வீட்டில் வைப்பதா, ஆஸ்பத்திரியிலா என்பதை இப்போதே பேசி முடிவெடுங்கள். முடிவெடுக்காத வீடுகளில் மூச்சு மாறியதும் யாரோ ஒருவர் பதறி அம்புலன்ஸைக் கூப்பிடுவார், பிறகு அவசரப் பிரிவின் வெளிச்சத்துக்குள் எல்லாம் முடியும். வீட்டில் எதிர்பார்த்து நடக்கும் இயற்கையான மரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையை வாங்கி, பிறகு மரணப் பதிவாளரிடம் பதிய வேண்டும். டயக்னோசிஸ் கார்ட்டும் கிளினிக் கொப்பியும் ஒரே பையில் இருந்தால் அந்த நேரத்தில் தேவையில்லாத கேள்விகள் குறையும்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பையைக் கொண்டு போங்கள். நான்கு கேள்வி போதும்: நோவு கூடினால் எவ்வளவு கொடுப்பது, இரவில் யாருக்கு போன் எடுப்பது, எந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்கள், மருந்து முடியுமுன் எங்கே எடுப்பது. அண்ணனுக்கு லீவு கிடைக்குமென்றால், செத்த வீட்டுக்கென்று சேர்த்து வைக்காமல் இந்த மாதமே வரச் சொல்லுங்கள். அம்மா இன்னும் கதைக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.