சிற்பியே திறந்தவெளிக் கண்காட்சியைத் தொகுக்கலாமா?

சிற்பம் செய்பவரே திறந்தவெளிக் கண்காட்சியையும் தொகுக்கலாமா, அது தனி வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொகுக்கலாம். எடை, அடித்தளம், கிரேன் நுழைய வழி என்று பாதி வேலை அவருக்குப் பழகியதுதான். தன் சிற்பத்துக்கே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்துக்குள் கம்பீரமாக நின்ற சிற்பம் வெளியே வந்ததும் சுருங்கிவிடும். இரண்டு ஆள் உயரச் சிலைகூட, பின்னால் பெரிய மரம் இருந்தால் பொம்மை மாதிரித் தெரியும். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் தன் பட்டறையைச் சுற்றியிருந்த வயலிலேயே சிற்பங்களை நிறுத்திப் பார்த்தார். 1960களில் செய்த துருப்பிடிக்காத எஃகுச் சிற்பங்களின் மேல் கிரைண்டரால் சுழி சுழியாகத் தேய்த்துவிட்டார். வெயில் நகர நகர அந்தக் கீறல்கள் மின்னும்.

அப்புறம் மழை. கார்ட்டன் எஃகு, அதாவது மேலே படியும் துருவையே காப்பாக வைத்துக்கொள்ளும் எஃகு, ஆரம்ப மாதங்களில் துருநீரை வடிக்கும்; கீழே வெளிர்நிறக் கல்தளம் இருந்தால் கறையை எடுப்பது பெரும்பாடு. நானாக இருந்தால் சரளைதான் போடுவேன். ஏறக்கூடாது என்று பலகை வைத்தாலும் குழந்தைகள் ஏறத்தான் செய்வார்கள், கூர்முனைகளைக் கவனியுங்கள்.

சிற்பிகளுக்கு இடத்தைக் காட்டிவிட்டு அதற்கேற்பப் புதிதாகச் செய்யச் சொல்வது இன்னொரு வழி. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 1977 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி அந்த வகை.