காற்றடிக்குது, காற்றாலை ஏன் சும்மா நிற்குது?

கேள்வி: ஆடிக் காற்று ஆளையே தள்ளுது. ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போனால் சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்கின்றன. அந்தக் கரண்டை பேட்டரியில் பிடித்து வைக்கக் கூடாதா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: சிலது ரிப்பேரில் நிற்கும், அதை விடுங்கள். மற்றபடி, உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தால்தான் ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்கிற கணக்கு, 50 ஹெர்ட்ஸில் நிற்கும். ஊர் தூங்கிய பிறகு காற்று வேகமெடுத்தால், அனல் மின் நிலையத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பதால், காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள்.

பேட்டரி நல்ல யோசனைதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் மின் கோபுரங்கள் சாய்ந்து மாநிலமே இருண்டது. மறுவருஷம் ஈலான் மஸ்க், ஒப்பந்தம் போட்ட 100 நாளில் பேட்டரி வைத்துத் தராவிட்டால் காசே வேண்டாம் என்றார். அந்த மாநிலத்தில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி டிசம்பர் 1, 2017-ல் ஓட ஆரம்பித்தது. இரண்டே வாரத்தில், ஒரு நடுராத்திரி, பக்கத்து விக்டோரியாவில் 560 மெகாவாட் நிலக்கரி யூனிட் ஒன்று படுத்துவிட, பேட்டரி கண் இமைக்கும் நேரத்தில் கரண்டைத் தள்ளியது. தள்ளியது என்னவோ 7 மெகாவாட் சொச்சம்தான், நாட்டையே காப்பாற்றியதாகச் சொல்வதெல்லாம் கொஞ்சம் ஓவர். ஆனால் அந்த வேகம் வேறு எந்த மின் நிலையத்துக்கும் கிடையாது.

சரி, அந்த வேகத்துக்குக் காசு யார் தருவது? அங்கே மின்சார விலை 5 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும், பணம் மட்டும் அப்போது அரைமணி நேரச் சராசரி போட்டுக் கொடுத்தார்கள். விலை எகிறும் அந்த 5 நிமிஷத்தில் பாய்ந்து உதவுகிற பேட்டரிக்கு இது நஷ்டமாக இருந்தது. அக்டோபர் 1, 2021-ல்தான் 5 நிமிஷக் கணக்குக்கு மாறினார்கள். ஒரு நொடிக்குள் உதவுகிறவர்களுக்கென்று தனிச் சந்தை வந்ததோ 2023-ல்! பேட்டரியை நிறுவ 100 நாள், விதியை மாற்ற ஆறு வருஷம். புதுசாக ஏதாவது வரணும் என்றால் முதலில் இந்தக் கணக்கு வழக்கைத்தான் மாற்ற வேண்டும் என்பேன்.

கரண்டைச் சேமித்து வைக்கிற வழி நம்மிடமும் இல்லாமலில்லை. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட், 80-களிலேயே கட்டியது. மிஞ்சுகிற கரண்டில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி கரண்ட் எடுப்பார்கள். தண்ணீர் பேட்டரி!

கேள்வி: மாடியில் சோலார் போட்டோம். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறது, ஏமாற்றிவிட்டார்களா? - வாசகி, திருப்பூர்

பதில்: இல்லைம்மா, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடி கரண்ட் லைனுக்குள் போனால், டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திருப்பி 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். அதனால் லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்ளும். பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்கினால் லைனைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் ஓட்டும். விலை கூடுதல், அதனால் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஏசியை அதில் சேர்த்துவிடாதீர்கள்.