கேளுங்க சொல்றோம்: டிவி புள்ளியும் ஆதி வெளிச்சமும்

கேள்வி (வாசகி, பாலக்கோடு): பழைய டப்பா டிவியில சேனல் வராதப்ப சர்ருனு வெள்ளப் புள்ளியா ஓடுமே, அது பிரபஞ்சம் பொறந்தப்ப வந்த வெளிச்சம்னு என் பொண்ணு சொல்றா. கதை விடறாளா சார்? நெசம்னா அந்தப் பெருவெடிப்பு (பிக் பேங்) நடந்த எடம் எந்தப் பக்கம்?

பதில்: கதை இல்லீங்க, ஆனா முழுசா அதுவும் இல்ல. அந்தப் புள்ளியில நூத்துல ஒரு பங்குதான் அது, மீதியெல்லாம் டிவியோட சொந்த இரைச்சல், சுத்துப்பட்டு சிக்னல் தொல்லை. இப்ப இருக்கிற டிஜிட்டல் டிவில அதுவும் தெரியாது.

பொறந்த நிமிஷத்து வெளிச்சமும் கிடையாது, 3,80,000 வருஷம் கழிச்சு கெளம்புனது. அதுக்கு முன்னாடி எல்லாம் அவ்ளோ சூடு, எலக்ட்ரான்லாம் தனித்தனியா திரிஞ்சிட்டு வெளிச்சத்த ரெண்டடி போகவிடாம முட்டித் தள்ளிட்டே இருந்துச்சு, தை மாசக் காலையில தளி ரோட்ல பனிமூட்டத்துல லாரி லைட் போட்டா என்ன ஆகும், அதேதான். சூடு 3000 கெல்வினுக்கு (சுமார் 2700 டிகிரி செல்சியஸ்) எறங்குனதும் எலக்ட்ரானெல்லாம் புரோட்டானோட ஒட்டி அணுவாயிடுச்சு, வெளிச்சத்துக்கு வழி விட்டாச்சு. அப்பலருந்து பிரபஞ்சம் சுமார் 1100 மடங்கு விரிஞ்சிருக்கு, அந்த வெளிச்சத்தோட அலையும் கூடவே நீண்டு இப்ப கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவ் அலையா, வெறும் 2.7 கெல்வின்ல, அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்ல இருக்கு.

எந்தப் பக்கம்னு கேட்டீங்கல்ல, எல்லாப் பக்கமும்தான். வெடிப்புக்குனு தனியா ஒரு எடம் இல்ல, இப்ப பாலக்கோடு இருக்கிற எடமும் அந்த மூட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு. அதனாலதான் 1964ல அமெரிக்காவுல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஆன்டெனாவ எங்க திருப்புனாலும் ஒரே இரைச்சல், அது இந்த ஆதி வெளிச்சந்தான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. புறா எச்சம்தான் காரணம்னு நெனச்சு கழுவிப் பாத்தாங்க, போகல. இதத் தேடறதுக்குனே பக்கத்துலயே பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில ஒரு குரூப் கருவி கட்டிட்டு இருந்தது வேற விஷயம். 1978ல நோபல் பென்சியாஸ், வில்சன் ரெண்டு பேருக்கும் கெடச்சுது. 1948லயே இப்படி ஒரு மிச்சம் சுமார் 5 கெல்வின்ல இருக்கணும்னு கணக்குப் போட்ட ஆல்ஃபருக்கும் ஹெர்மனுக்கும் நோபல் இல்ல, எனக்கென்னமோ அது அநியாயமாத்தான் படுது.

அப்புறம் 1992ல நாசாவோட கோபி (COBE) சேட்டிலைட், எல்லாப் பக்கமும் ஒரே சூடு இல்ல, லட்சத்துல ஒரு பங்கு ஏத்த எறக்கம் இருக்குனு காட்டுச்சு. அந்த துளி வித்தியாசந்தாங்க பின்னாடி கேலக்ஸி ஆச்சு. பிளாங்க் சேட்டிலைட் அத நுணுக்கமா அளந்துதான் பிரபஞ்சத்தோட வயசு 1380 கோடி வருஷம்னும், நாம பாக்கிற சாதாரணப் பொருள் மொத்தத்துல சுமார் 5 சதவீதந்தான்னும் சொல்ல முடிஞ்சுது.

கேள்வி (மாணவர், ஓசூர்): எங்க ஊரு குளிருக்கு இங்க ஒரு டெலஸ்கோப் வெச்சா இத ஆராயலாமா?

பதில்: குளிர் போதாது தம்பி, காத்து காய்ஞ்சிருக்கணும். ஈரப்பதம் மைக்ரோவேவ முழுங்கிடும், அதான் தென் துருவத்துலயும் சிலியோட அட்டகாமா பாலைவனத்துல 5000 மீட்டருக்கு மேலயும் கொண்டுபோய் வெச்சிருக்காங்க. ஓசூர்ல ரோஜா வளரும், அதுக்கு ஈரம் வேணும்ல!